ஃபயர்வாலில் நேட் தகராறு: கரையோரத்திலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி என்று கரையோரமாகவே என் வேலை ஓடுகிறது. லாட்ஜ், ஐஸ் கம்பெனி, இறால் பதப்படுத்தும் கூடம், ஜவுளிக்கடை என்று ஃபயர்வால், அதாவது இன்டர்நெட் லைனுக்கும் உள் நெட்வொர்க்குக்கும் நடுவில் காவல் நிற்கும் பெட்டி, மாட்டிக்கொடுப்பேன். மாட்டியது மக்கர் செய்தால் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பேன். போனில் வரும் புகார்களைக் கிளறினால் பெரும்பாலும் நேட்டில்தான் (NAT, நெட்வொர்க் முகவரி மாற்றம்) வந்து நிற்கும். திரும்பத் திரும்ப அதே கேள்விகள் என்பதால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கீழே வரும் 203.0.113.10 என்ற பப்ளிக் ஐபி (இன்டர்நெட்டில் வெளியே தெரியும் முகவரி) யாருடையதும் அல்ல. எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கிய வரிசையில் உள்ளது.

நேட் என்றால் என்ன? ஒரு தடவை புரியும்படி சொல்லுங்களேன்.

பாம்பனில் நாலைந்து படகுக்காரர்களின் மீனை ஒரு கமிஷன் வியாபாரி தன் பெயரிலேயே லாரி ஏற்றுகிறார் என்று வையுங்கள். வெளியூரில் சரக்கு எடுப்பவருக்கு வியாபாரி பெயர் மட்டும்தான் தெரியும். பணமும் அவருக்கே திரும்பி வரும். எந்தப் பெட்டி எந்தப் படகினுடையது என்பது அவருடைய நோட்டில் இருக்கிறது. ஃபயர்வால்தான் அந்த வியாபாரி, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களும் போன்களும் படகுகள். நோட்டுக்குப் பெயர் செஷன் டேபிள். ஸ்டேட் டேபிள் என்றும் சொல்வார்கள்.

உள்ளேயிருந்து வெளியே போகும்போது அனுப்புநர் முகவரியை மாற்றுவது சோர்ஸ் நேட். வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு குறிப்பிட்ட மெஷினுக்குத் திருப்பிவிடுவது டெஸ்டினேஷன் நேட். நம் பேச்சில் போர்ட் ஃபார்வர்டிங்; போர்ட் என்பது ஒரு மெஷினில் எந்தச் சேவைக்கு என்று காட்டும் எண்.

ஐபி நான்காம் பதிப்பில் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள்தான். அது பத்தாது என்பது தொண்ணூறுகளிலேயே தெரிந்துவிட்டது. நேட் பற்றிய முதல் ஆர்எஃப்சி (இணையத் தொழில்நுட்பத்தை விவரிக்கும் ஆவணம்) 1994-ல் வந்தது. 10-ல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168-ல் தொடங்குபவை ஆகியவற்றை உள் உபயோகத்துக்கென்று (பிரைவேட் ஐபி) ஒதுக்கிய ஆர்எஃப்சி 1918 வந்தது 1996-ல்.

போர்ட் ஃபார்வர்டு போட்டேன், வெளியிலிருந்து திறக்கவில்லை. எங்கே தொடங்குவது?

ரூலை (எதை எங்கே அனுப்பு என்று ஃபயர்வாலில் எழுதும் கட்டளை) அழித்து அழித்து எழுதுவதை முதலில் நிறுத்துங்கள். பாக்கெட், அதாவது தகவலைச் சுமக்கும் சிறு பொட்டலம், எதுவரை வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலான ஃபயர்வாலில் பாக்கெட் கேப்சர் என்று, வந்துபோகும் பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் வசதி ஒன்று இருக்கும். லினக்ஸ் சார்ந்த பெட்டியென்றால் டிசிபிடம்ப். இரண்டு இடத்தில் கேப்சர் ஓட விடுங்கள்: இன்டர்நெட் லைன் வரும் வான் போர்ட்டில் (இது கேபிள் செருகும் துளை) ஒன்று, உள்ளே போகும் லான் போர்ட்டில் ஒன்று. பிறகு செல்போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள்.

வான் போர்ட்டில் ஒன்றுமே வரவில்லையென்றால் உங்கள் ரூலில் குற்றமில்லை. பாக்கெட் உங்கள் வாசலுக்கே வந்து சேரவில்லை. வானில் வந்து லானில் போகவில்லையென்றால் ரூலோ, யாரை விடலாம் என்று சொல்லும் பாலிசியோ தப்பு. இரண்டிலும் போகிறது, பதில் மட்டும் வரவில்லையென்றால் ஃபயர்வாலை விட்டுவிட்டு சர்வரைப் பாருங்கள்.

மூன்றாவதுதான் ஆளை அலைக்கழிக்கும். மண்டபம் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கு. அறை வெப்பநிலையை முதலாளி வெளியூரிலிருந்து பார்க்க 8080 போர்ட்டைத் திறந்துவிட்டிருந்தார்கள். அங்கிருந்த பையன் ரூலை ஆறு தடவை எழுதிப் பார்த்துவிட்டான். நான் கேப்சர் போட்டேன். 203.0.113.10-க்கு முதல் பாக்கெட், அதாவது இணைப்புத் தொடங்கும் 'சின்', வருகிறது. லான் பக்கம் அதுவே 192.168.10.20 என்று மாறி அழகாகப் போகிறது. ஒரு நொடி கழித்து அதே சின் மறுபடி, மூன்றாம் நொடியில் மறுபடி. பதிலுக்கு வரவேண்டிய 'சின் ஆக்' மட்டும் காணோம். அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் செட்டிங்கைத் திறந்தால் கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல், 192.168.10.254. அது பழைய ரவுட்டரின் முகவரி. ரவுட்டரோ போன வருஷமே கழற்றப்பட்டுப் பரணில் கிடக்கிறது. புது ஃபயர்வால் 192.168.10.1. கம்ப்யூட்டர் பதில் எழுதத்தான் செய்கிறது, வீட்டில் இல்லாத ஆளிடம் கொடுத்தனுப்பப் பார்க்கிறது. கேட்வேயை மாற்றியதும் திறந்துகொண்டது.

என் அனுபவத்தில் நேட் புகார்களில் போகிற வழி அநேகமாகச் சரியாக இருக்கும். திரும்பி வருகிற வழிதான் உடைந்திருக்கும். கீழே உள்ள பதில்கள் பலவும் இதே கதையின் வேறு வேறு வேஷங்கள்தான்.

கேட்வே சரி, அப்படியும் பதில் இல்லையென்றால் சர்வருக்குள்ளேயே இருக்கும் விண்டோஸ் ஃபயர்வாலைப் பாருங்கள். ஒரே சப்நெட்டிலிருந்து (ஒரே உள் முகவரி வரிசை) வந்தால் திறந்து, வெளி ஐபியிலிருந்து வந்தால் மறிக்கும் பழக்கம் அதற்கு உண்டு.

வான் போர்ட்டில் ஒன்றுமே வரவில்லை. லைன்காரர்கள் "எங்க பக்கம் எல்லாம் ஓகே சார்" என்கிறார்கள்.

ஃபயர்வாலின் வான் போர்ட்டில் என்ன ஐபி இருக்கிறதென்று பாருங்கள். பிறகு உங்கள் ஐபியைக் காட்டும் ஏதாவது ஓர் இணையதளத்தைத் திறந்து அது காட்டுவதைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் நடுவில் இன்னொருவர் நேட் செய்கிறார்.

வான் ஐபி 192.168.1 என்று தொடங்கினால் அந்த இன்னொருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்: ஃபைபர் லைனோடு வந்த ஓஎன்டி பெட்டி. அதை பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது நேட் செய்யாமல் லைனை அப்படியே கடத்தும் நிலைக்கு, மாற்றச் சொல்லுங்கள். முடியாதென்றால் அதிலும் ஒரு ஃபார்வர்டு ரூல் போட்டு ஃபயர்வாலுக்குத் திருப்புங்கள். இதில் ஒரு கண்ணி உண்டு. ஓஎன்டியும் 192.168.1, ஃபயர்வாலின் உள் நெட்வொர்க்கும் 192.168.1 என்று இருந்தால் எந்தப் பக்கம் அனுப்புவதென்று தெரியாமல் ஃபயர்வால் முழிக்கும். உள்பக்கத்தை வேறு எண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

வான் ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், நேட் செய்வது லைன் கொடுத்த கம்பெனி. இதற்குப் பெயர் கேரியர் கிரேடு நேட். இதற்கென்றே 2012-ல் ஒதுக்கிய சுமார் 42 லட்சம் முகவரிகள் இவை. ஊரில் பல வீடுகள் ஒரே பப்ளிக் ஐபியைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கும். அவர்கள் பெட்டியில் உங்களால் ரூல் எழுத முடியாது. எத்தனை கோடி ரூபாய் ஃபயர்வால் வைத்தாலும் இதுதான் நிலை. மாதக் கட்டணம் கட்டி ஸ்டேட்டிக் ஐபி (மாறாத பப்ளிக் ஐபி) வாங்க வேண்டும், அல்லது உள்ளேயிருந்து வெளியே ஒரு விபிஎன் (பூட்டிய தனிப் பாதை) போட்டு அதன் வழியாக உள்ளே வர வேண்டும். லைன் கம்பெனியும் எதிர்முனையும் ஐபி ஆறாம் பதிப்பைக் கொடுத்தால் அது மூன்றாவது வழி. (100-ல் தொடங்குவதெல்லாம் இந்த வகை இல்லை. 100.130 சாதாரண பப்ளிக் ஐபிதான்.)

லாட்ஜ் வைஃபையில் திறந்தால் வரவில்லை, மொபைல் டேட்டாவில் வருகிறது. இது என்ன கூத்து?

இதற்கு ஹேர்பின் என்று பெயர். போன் 192.168.10.55. சர்வர் 192.168.10.20. போன் 203.0.113.10-ஐத் தேடி ஃபயர்வாலுக்குப் போகிறது. ஃபயர்வால் முகவரியை மாற்றி சர்வரிடம் தள்ளுகிறது. சர்வர் பார்க்கிறது: கேட்டவர் 192.168.10.55, அட, நம்ம பக்கத்து அறை. ஃபயர்வால் வழியாகப் போகாமல் நேரே பதில் கொடுத்துவிடுகிறது. போனோ 203.0.113.10-இடமிருந்து பதிலை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது, 192.168.10.20 என்று யாரோ பேச வந்தால் நீ யாரென்று தள்ளிவிடுகிறது.

உள்ளேயிருந்து உள்ளே வரும் இந்த வழிக்கு மட்டும் சோர்ஸ் நேட்டும் சேர்த்துப் போட்டால், சர்வர் பதிலை ஃபயர்வாலிடமே கொடுக்கும். பல பெட்டிகளில் நேட் லூப்பேக் என்று ஒரு டிக் இருக்கும், அது இதைத்தான் செய்கிறது. எனக்குப் பிடித்தது வேறு: உள் டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபியாக்கும் பட்டியல்) அதே பெயருக்கு 192.168.10.20 என்று எழுதிவிடுவது. வாசல் வரை போய்த் திரும்பும் வேலையே இல்லை.

ரூலை மாற்றிவிட்டேன், ஆனால் பழையபடியேதான் ஓடுகிறது.

நோட்டில் பழைய வரி இன்னும் அடிக்கப்படவில்லை. நேட் ரூல் பார்க்கப்படுவது ஓர் இணைப்பின் முதல் பாக்கெட்டுக்கு மட்டும். அதன்பின் வருவதெல்லாம் செஷன் டேபிளில் எழுதியபடியே போகும். லினக்ஸில் நிலைபெற்ற டிசிபி இணைப்பின் வரி, தானாக அழிய இயல்பாக 5 நாள் ஆகும். நீங்கள் பிங்கை நிறுத்தாமல் ஓடவிட்டு ரூலை மாற்றிக்கொண்டிருந்தால், பிங் பழைய வரியையே உயிரோடு வைத்திருக்கும்.

சம்பந்தப்பட்ட ஐபியின் செஷன்களை மட்டும் அழியுங்கள். மொத்தத்தையும் அழித்தால் பில் போட்டுக்கொண்டிருக்கும் பெண் எழுந்து வந்து உங்களைப் பார்ப்பார்.

பாலிசியில் எந்த ஐபியைப் போட வேண்டும், பப்ளிக்கா பிரைவேட்டா?

பெட்டிக்குப் பெட்டி வித்தியாசம். ஒரு கம்பெனி பெட்டியில் பழகியவர் இன்னொன்றில் தடுமாறுவது இங்கேதான்.

லினக்ஸ், மைக்ரோடிக், பிஎஃப்சென்ஸ் மூன்றிலும் டெஸ்டினேஷன் நேட் முதலில், வடிகட்டல் பிறகு. ஆகவே ரூலில் உள் ஐபியைப் போட வேண்டும். சிஸ்கோ ஏஎஸ்ஏவில் 8.3 பதிப்புக்கு முன் வெளி ஐபி, 8.3 முதல் உள் ஐபி. பழைய நோட்ஸைப் பார்த்து எழுதினால் சத்தமில்லாமல் தோற்கும். ஃபோர்டிகேட்டில் விஐபி என்று ஒரு பொருளை உருவாக்கி, பாலிசியின் சேருமிடத்தில் அதையே வைக்க வேண்டும்; விஐபி போட்டுவிட்டு பாலிசியை மறந்தவர்கள் ஏராளம். பாலோ ஆல்டோ எல்லாரையும் ஒரு தடவையாவது கவிழ்த்திருக்கும்: பாதுகாப்பு பாலிசியில் ஐபி மாற்றத்துக்கு முந்தையது, ஸோன் (வான், லான் போல எந்தப் பக்கம் என்பது) மாற்றத்துக்குப் பிந்தையது. பாதி இந்தக் கரை, பாதி அந்தக் கரை.

கீழக்கரைக் கடைக்கும் சென்னை கிளைக்கும் விபிஎன் போட்டோம், காக்கா (அண்ணே). டனல் பச்சையாகத்தான் காட்டுகிறது, சர்வரைத் திறக்க முடியவில்லை.

டனலுக்குள் போக வேண்டிய பாக்கெட்டையும் சோர்ஸ் நேட் பிடித்துக்கொள்கிறதா பாருங்கள். "வெளியே போகும் எல்லாவற்றையும் மாற்று" என்ற பொதுவான ரூல் மேலே உட்கார்ந்திருந்தால், சென்னைக்குப் போக வேண்டியதும் பப்ளிக் ஐபியாக மாறிவிடும். டனல் அதை நம்ம ஆள் இல்லையென்று விட்டுவிடும். கீழக்கரை சப்நெட்டிலிருந்து சென்னை சப்நெட்டுக்குப் போவதை மாற்றாதே என்று ஒரு விலக்கு எழுதி, பொது ரூலுக்கு மேலே வைக்க வேண்டும். கீழே வைத்தால் பிரயோஜனமில்லை. இரண்டு ஊரிலும் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்துவிட்டுத்தான் பெரும்பாலும் கூப்பிடுகிறார்கள்.

இரண்டு ஊரிலும் 192.168.1 என்றே வைத்திருந்தால் ஒரு பக்கத்து எண்ணை மாற்றிவிடுங்கள். நேட் போட்டே அதையும் சமாளிக்கலாம், ஆனால் அடுத்து வருகிற டெக்னீஷியன் உங்களைத் திட்டுவார்.

டனலே ஏறவில்லையென்றால் யுடிபி போர்ட் 500, 4500 இரண்டும் திறந்திருக்கிறதா பாருங்கள். இந்த வகை விபிஎன்னான ஐபிசெக்கில் தகவலைப் பூட்டிக் கொண்டுபோகும் ஈஎஸ்பி பாக்கெட்டுக்குப் போர்ட் எண்ணே கிடையாது. போர்ட்டை வைத்துக் கணக்கெழுதும் நேட்டுக்கு அதை எந்த வரியில் எழுதுவதென்று தெரியாது. அதனால்தான் நடுவில் நேட் இருந்தால் 4500-க்குள் பொதிந்து அனுப்புகிறார்கள்.

ஆடி அமாவாசையன்று மட்டும் லாட்ஜில் நெட் படுத்துவிடுகிறது. நேட் போர்ட் தீர்ந்துவிட்டதா?

தீரக்கூடியதுதான். ஒரு பப்ளிக் ஐபிக்குப் போர்ட் எண்கள் 65,536. அதில் ஒரு பகுதியை நேட் தொடாது. அறைக்கு நாலு பேர், ஆளுக்கொரு போன், ஒவ்வொரு போனும் பத்து இருபது இணைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சின்ன ஃபயர்வாலில் போர்ட்டுக்கு முன்னால் செஷன் டேபிளே நிரம்பும். லினக்ஸ் பெட்டியென்றால் லாகில் 'கான்ட்ராக் (செஷன்) டேபிள் நிரம்பிவிட்டது, பாக்கெட்டைக் கைவிடுகிறேன்' என்ற பொருளில் ஒரு வரி வந்துகொண்டே இருக்கும். அப்போது டேபிளின் அளவைக் கூட்டலாம், 5 நாள் கெடுவை ஒன்றிரண்டு மணி நேரமாகக் குறைக்கலாம்.

ஆனால் அந்த வரியைக் கண்ணால் பார்க்காமல் நேட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். அக்னி தீர்த்தம் பக்கம் ஒரு லாட்ஜில் இதே புகார். செஷன் எண்ணிக்கை சில ஆயிரம்கூட இல்லை. ஏற்கெனவே இணைந்த போன்களில் எல்லாம் ஓடுகிறது. அதிகாலையில் வந்து இறங்கியவர்களுக்கு மட்டும் வைஃபை சுற்றிக்கொண்டே நிற்கிறது. போன்களுக்கு ஐபி பங்கிடும் டிஹெச்சிபியில் கொடுக்க ஐபியே மிச்சமில்லை. அவர்கள் வைத்திருந்த அளவு (/24) சப்நெட்டில் அதிகபட்சம் 254. அதிலும் அவர்கள் 100 முதல் 199 வரைதான் திறந்திருந்தார்கள், லீஸ் (ஐபியைக் கொடுத்துவைக்கும் காலம்) வேறு 24 மணி நேரம். திதி கொடுத்துவிட்டு மத்தியானமே ஊருக்குத் திரும்பியவர்களின் போன்கள் ஐபியை மறுநாள் வரை பிடித்துவைத்திருந்தன. லீஸை 1 மணி நேரமாக்கி, சப்நெட்டைப் பெரிதாக்கினோம். நேட்டைத் தொடவே இல்லை.

இரண்டு லைன் இருக்கிறது. ஃபைபர் அறுந்தால் 4ஜிக்கு மாறுகிறது, ஆனால் ஐபி போன் மட்டும் எழுந்திருப்பதில்லை.

எல்லாம் மாறி, போன் மட்டும் செத்துக்கிடந்தால் பழைய வரியில் மாட்டியிருக்கிறது. போன் 20, 30 நொடிக்கு ஒரு தடவை 'நான் இருக்கிறேன்' என்று ஒரு சின்ன பாக்கெட் அனுப்பும். அந்தப் பாக்கெட் ஒவ்வொன்றும் பழைய ஃபைபர் ஐபியோடு எழுதிய வரியைப் புதுப்பித்துவிடும். செத்த லைனின் வரி சாகாமல் தன் ஆயுளைத் தானே நீட்டிக்கொண்டு போகும். லைன் மாறும்போது செஷன்களை அழி என்ற வசதி பெரும்பாலான பெட்டிகளில் உண்டு; போட்டுவிடுங்கள்.

இதன் மறுபக்கம்: இரண்டாம் லைன் வழியாக உள்ளே வந்தவனுக்கு முதல் லைன் வழியாகப் பதில் போவது. அனுப்புநர் ஐபி பொருந்தாததால் லைன்காரர்களே வழியில் வீசிவிடுவார்கள். வந்த வழியே பதில் போக, பிஎஃப்சென்ஸில் ரிப்ளை டு, மைக்ரோடிக்கில் கனெக்ஷன் மார்க் என்று பெயர்.

போனில் நாம் பேசுவது கேட்கிறது, அவர்கள் பேசுவது கேட்கவில்லை.

ஃபயர்வாலில் சிப் (SIP, இன்டர்நெட் வழிப் பேச்சு) ஏஎல்ஜி என்ற டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள். சிப் போன் தன் ஐபியைக் கடிதத்தின் உறையில் மட்டுமல்லாமல் உள்ளேயும் எழுதும். நேட் உறையை மட்டும் மாற்றும். உள்ளேயும் திருத்துகிறேன் பேர்வழி என்று வந்ததுதான் ஏஎல்ஜி. இன்று போனும் சர்வருமே அதைச் சமாளித்துக்கொள்வதால் இருவர் திருத்திக் கெடுக்கிறார்கள்.

சும்மா இருந்தால் அழைப்பு வருவதில்லை, நாம் யாருக்காவது போட்டபின் கொஞ்ச நேரம் வருகிறது என்றால் யுடிபி கெடு குறைவு. 2 நிமிடத்துக்குள் யுடிபி வரியை அழிக்கக்கூடாது, 5 நிமிடமோ அதற்கு மேலோ வைப்பது நல்லது என்கிறது 2007-ல் வந்த ஆர்எஃப்சி 4787. லினக்ஸில் பதில் வராத யுடிபிக்கு 30 நொடிதான். கெடுவைக் கூட்டுங்கள், அல்லது போனின் கீப் அலைவ் இடைவெளியைக் குறையுங்கள்.

தடைக்காலம் முடிந்து ஐஸ் கம்பெனியைத் திறந்தோம். ரூல் எதையும் தொடவில்லை, கேமரா திறக்கவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நீங்களும் மெயினை அணைத்துவிட்டுப் போயிருப்பீர்கள். திரும்பப் போட்டபோது லைன் வேறு பப்ளிக் ஐபியைக் கொடுத்திருக்கும். டைனமிக் டிஎன்எஸ் (மாறும் ஐபியை ஒரே பெயரில் காட்டும் சேவை) கணக்கு இருந்தால் அது பழைய ஐபியையே காட்டுகிறதா பாருங்கள். சில இலவசச் சேவைகள் இடையில் உறுதிப்படுத்தாத கணக்கை மூடிவிடும். கேமரா ரெக்கார்டரின் உள் ஐபியும் டிஹெச்சிபியில் மாறியிருக்கலாம். ரூல் 192.168.10.30 என்று சொல்கிறது, ரெக்கார்டர் இப்போது 31-ல் உட்கார்ந்திருக்கிறது. அதை நிலையாக ஒதுக்கிவிடுங்கள்.

கேட்டதற்கு மேல் ஒன்று சொல்கிறேன். கேமராவுக்குப் போர்ட் திறப்பதே எனக்குப் பிடிக்காது. 2016-ல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்கப் பிடித்துச் சேர்த்தது இந்த மாதிரி கேமராக்களையும் ரெக்கார்டர்களையும்தான், கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாதவற்றை. விபிஎன் போட்டுப் பாருங்கள். முடியவே முடியாதென்றால் எந்த ஐபியிலிருந்து வரலாம் என்றாவது ரூலில் கட்டுப்படுத்துங்கள்.

நேட் இருந்தாலே பாதுகாப்புதானே?

இல்லை. கேட்காமல் வருவது உள்ளே போக வழியில்லாமல் போவது அதன் பக்கவிளைவு. உள்ளே இருக்கும் ஒருவன் தப்பான இணைப்பைத் திறந்தால் நேட் மரியாதையாக வழிவிடும்.

லாட்ஜ் வைஃபையில் யாரோ தப்பு செய்து போலீஸ் வந்தால்?

பப்ளிக் ஐபி உங்களுடையது, ஆகவே விசாரணை உங்களிடம்தான் தொடங்கும். எந்த உள் ஐபி, எந்தப் போர்ட், எத்தனை மணிக்கு என்பது நேட் லாகில் மட்டுமே இருக்கும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும், கடிகாரத்தை என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வரோடு ஒத்துவைக்க வேண்டும் என்றும் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட் இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டது. ஃபயர்வாலுக்குள் அவ்வளவு இடம் இருக்காது. தனியாக ஒரு லாக் சர்வருக்கு அனுப்புங்கள். கடிகாரம் 10 நிமிடம் தப்பாக ஓடினால் பக்கத்து அறைக்காரர் மாட்டுவார்.

எல்லாம் பார்த்தாயிற்று. வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. நேட் விட்டுவிட்டு வேலை செய்யுமா?

செய்யாது. மேலே சொன்னபடி டேபிளோ போர்ட்டோ தீர்ந்தால் தவிர, ரூல் ஒன்று இருந்தால் இருக்கும், இல்லையென்றால் இல்லை. விட்டுவிட்டு வந்தால் போர்ட்டின் எரர் கணக்கைப் பாருங்கள். சிஆர்சி எரர் (வழியில் சிதைந்து வந்தவற்றின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போனால் கேபிளைக் கழற்றுங்கள். தங்கச்சிமடத்தில் கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே மாட்டியிருந்த ஒரு பெட்டியில் நான் மூன்று மணி நேரம் நேட் லாக் படித்தேன். கடைசியில் வான் போர்ட்டிலிருந்து பிளக்கை உருவினால் எட்டு பின்னில் மூன்று பச்சை பூத்திருந்தது. உப்புக்காற்று. புதுப் பிளக் அடித்து, பெட்டியை உள் அறைக்கு மாற்றினோம். ஜன்னல் ஓரத்தில் இப்போது மீன் தொட்டி இருக்கிறது.